வெள்ளைப் பலகையில் ஏறும் கறுப்பு

மா, ரப்பர் போன்ற வெளிர்நிற மரத்தை அறுத்து அடுக்கி வைத்தால், சில நாளிலேயே பலகையில் சாம்பலும் கறுப்புமாகக் கறை ஏறிவிடுகிறது. உடனே பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்க்கிறார்கள். போகாவிட்டால் அடர் நிறத்தில் பாலிஷ் போட்டு மறைக்கிறார்கள். கறை வந்த வழியைப் பார்க்காமல் வெளுக்க இறங்குவது வீண் செலவு. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இந்தக் கறுப்பு பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு காரணங்களால் வருகிறது. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பலிக்காது.

முதலாவது, இரும்பு. கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுத்துவிடும். கலம்காரித் துணியில் கருங்கோடு விழுவது அப்படித்தான். துவர்ப்புள்ள மரத்தின் ஈரப் பலகையில் சாதாரண ஆணி அடித்தாலும் இதுவேதான் நடக்கிறது. ஆணித் தலையைச் சுற்றிக் கறுப்பு கட்டும். பிறகு இழை ஓடும் திசையில் நீளுமே தவிர, குறுக்கே அவ்வளவாகப் பரவாது. பிளீச்சிங் பவுடர் இதை அசைக்காது. ஆக்ஸாலிக் ஆசிட் கரைசலைத் தடவினால் கண்ணெதிரே வெளுக்கும். அது நஞ்சு, கையுறை போட்டுத் தடவி, நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். ஆணியை மாற்றாமல் விட்டால், அடுத்த மழைக்குக் கறை திரும்ப வரும்.

இரண்டாவது, பூஞ்சை. குமரி மாவட்டத்து ரப்பர் மரத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அந்த மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய ஓரிரு நாளிலேயே நீலப் பூஞ்சை உள்ளே இறங்கிவிடுகிறது. மேலோடு நிற்காததால் இழைப்புளிக்கும் உப்புத்தாளுக்கும் அது மசிவதில்லை. அதனால்தான் அறுத்த கையோடு போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலை ஏற்றிச் சூளையில் உலர்த்துகிறார்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் பூஞ்சை வளராது. ஐப்பசி, கார்த்திகையில் அறுத்த பலகையை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போடுவது பூஞ்சைக்கு விருந்து வைப்பதுதான். இடையிடையே ரீப்பர் வைத்துக் காற்றோட்டம் விட்டாலே பாதி வேலை முடிந்தது. இதற்குக் காசுகூட அதிகம் ஆகாது!

அப்படியானால் கட்டையைக் குளத்தில் ஊறப்போட்ட பழைய வழக்கம் தவறா என்று கேட்கலாம். தவறில்லை. முழுக்க மூழ்கிய கட்டையில் பூஞ்சைக்கு வேண்டிய காற்று இல்லை. மாவுச்சத்தும் கரைந்து போகிறது. பாதி நீரிலும் பாதி வெளியிலும் கிடக்கிற கட்டைதான் கெடும். நீலம் பாய்ந்தால் மரத்தின் பலம் பெரிதாகக் குறையாதே என்பார்கள். உண்மைதான். நீலப் பூஞ்சை தின்பது மரத்திலுள்ள சர்க்கரையை, மரத்தின் செல்சுவரை அல்ல. பெயின்ட் அடிக்கப்போகும் கதவுக்கு அந்தப் பலகை தாராளமாகப் போதும். ஆனால் நீலம் பாயும் அளவு ஈரம் நீடித்தால், மரத்தை அரிக்கும் பூஞ்சையும் பின்னாலேயே வரும். அது வந்துவிட்டதா என்று அறிய, கத்தி முனையைக் குத்தி நெம்பிப் பார்க்கலாம். நீண்ட சிம்பாகப் பெயர்ந்தால் வெறும் நீலம். பொடுக்கென்று குறுக்கே ஒடிந்தால், அந்தப் பலகைக்கு விலை பேச வேண்டாம்.