மகளிர் பந்தாட்டத் தொடர்கள்: திறமையும் பொருள்வளமும்

விளையாட்டு உடலுக்கு உரம் தருவது. உள்ளத்திற்கு ஒழுங்கு தருவது. இதனை யாவரும் ஒப்புவர். ஆனால், ஒரு பெண்ணுக்கு விளையாட்டே வாழ்க்கைத் தொழிலாக அமையுமா என்னும் வினாவிற்கு நம் நாட்டில் அண்மைக் காலத்தில்தான் விடை கிடைக்கத் தொடங்கியுள்ளது. அவ்விடையின் தன்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துறையில் முன்னோடியாக விளங்குவது மென்பந்தாட்டம் எனப்படும் சாப்ட்பால். 1887ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில், சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகவும் துடைப்பக் கழியை மட்டையாகவும் கொண்டு ஓர் அரங்கினுள்ளே தோன்றிய ஆட்டம் இது. அணிக்கு ஒன்பது பேர்; ஏழு சுற்றுகள். பந்தைத் தாழ்கையாகவே வீசுதல் வேண்டும். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மகளிர் ஆட்டமாக இது இடம்பெற்றது.

டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங், மென்பந்து வீராங்கனை ஜோன் ஜாய்ஸ் முதலியோரின் முயற்சியால் 1976இல் அமெரிக்காவில் மகளிருக்கான தொழில்முறை மென்பந்துத் தொடர் பத்து அணிகளுடன் தொடங்கியது. ஜாய்ஸ் ஆடிய கனெக்டிகட் பால்கன்ஸ் அணி தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வாகை சூடியது. எனினும், அந்த நான்காம் ஆண்டோடு தொடரே முடிவுற்றது. 2004இல் தோன்றிய மற்றொரு தொடரும் 2021இல் நிறுத்தப்பட்டது. திறமை குறைந்ததால் இவை வீழவில்லை. தாங்கி நிற்கும் பொருள்வளம் இன்மையால் வீழ்ந்தன. 2025இல் மீண்டும் ஒரு தொடர் எழுந்தபோது, ஆடவர் பேஸ்பாலை நடத்தும் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு அதில் முதலீடு செய்தது கருதத்தக்கது.

நெசவுத் தறிகள் நிறைந்த சேலம், நாமக்கல் பகுதி மக்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். பாவு உறுதியாக இருந்தால்தான் ஊடை ஓடும். ஆடுவோரின் திறமை ஊடை எனில், நடத்துவோரின் பொருள்வளமும் அமைப்பும் பாவாகும்.

இந்தியாவில் அத்தகைய பாவினைக் கிரிக்கெட் விரித்துள்ளது. மகளிர் கிரிக்கெட்டுக்கென 1973இல் தனிச்சங்கம் தோன்றியது. அக்காலத்து வீராங்கனையர் முன்பதிவில்லாத இரயில் பெட்டிகளில் பயணம் செய்து ஆடியவர்கள். 2006இல் மகளிர் ஆட்டம் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொறுப்பில் வந்தது. 2015இல்தான் வீராங்கனையருக்கு ஆண்டு ஒப்பந்த ஊதியம் கிடைத்தது. 2023இல் மகளிர் பிரீமியர் லீக் தொடங்கியது. ஐந்து அணிகளின் உரிமை 4,669.99 கோடி ரூபாய்க்கும், ஐந்தாண்டு ஒளிபரப்புரிமை 951 கோடி ரூபாய்க்கும் விலைபோயின. முதல் ஏலத்தில் ஸ்மிருதி மந்தனா 3.40 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பெற்றார். 2025 நவம்பரில் இந்திய மகளிர் உலகக் கோப்பையை வென்றனர்.

தமிழகமும் இதில் பங்கு பெற்றுள்ளது. 2024 டிசம்பரில் நடந்த ஏலத்தில் மதுரையைச் சேர்ந்த 16 வயது கமலினியை மும்பை அணி 1.60 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஆடவருள் சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜன், 2017இல் 3 கோடி ரூபாய்க்கு ஐ.பி.எல். அணியில் இடம்பெற்று, 2020இல் இந்தியாவிற்காக ஆடினார். 2023இல் தம் ஊரிலேயே ஒரு மைதானத்தையும் அமைத்தார். சிற்றூரிலிருந்தும் வழி உண்டு என்பதற்கு அவர் சான்று. அவ்வழி நம் பெண் மக்களுக்கும் திறக்க வேண்டும்.

ஆயினும், ஓர் எச்சரிக்கையும் தேவை. மகளிர் தொடரில் ஓர் அணிக்கு 18 பேர் வீதம் ஐந்து அணிகளுக்கும் தொண்ணூறு இடங்களே உள. அவற்றுள் முப்பது வரை அயல்நாட்டவர்க்கு உரியன. கோடிகளைக் காட்டி எல்லாச் சிறுமியரையும் அழைத்தல் முறையன்று. கல்வியும் ஆட்டமும் இணைந்தே செல்ல வேண்டும். இரயில்வேத் துறை வீராங்கனையர் பலருக்கு வேலை அளித்து வருகிறது; தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டுத் திறனாளருக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஏலத்தில் எடுக்கப்பெறாத பெண்ணுக்கும் ஆட்டம் வாழ்வு தருவது இவ்வழிகளாலேயே.

பள்ளியில் ஓடியாடிய பெண் பூப்பெய்தியதும் மைதானத்தை விட்டு விலகுவது நம் ஊர்களில் இன்றும் காணும் நிலை. பெற்றோரின் அச்சத்தைப் பழித்துப் பயனில்லை. அதற்குக் காரணமானவற்றை நீக்குதலே அறிவுடைமை. மகளிர்க்கெனத் தனி நேரம், பெண் பயிற்சியாளர், உடை மாற்றத் தனியறை, மாலையில் வீடு சேரப் பேருந்து, அவரவர் பண்பாட்டிற்கு ஏற்ற ஆடைக்கு இசைவு ஆகிய ஐந்தும் அமையின் பெற்றோரே முன்வந்து அனுப்புவர். இவற்றிற்குக் கோடிகள் வேண்டா; கல்வி நிறுவனங்களின் உறுதியும் ஊர்ப்பெரியோரின் துணையும் போதும்.

பெருந்தொடர்களின் பாவினை வாரியங்கள் விரிக்கட்டும். சிற்றூர் மைதானத்தின் பாவினை விரிக்க வேண்டியவர் நாமே.