முப்பதாவது கிலோமீட்டரில் இடுப்பு

வாரத்துக்கு 60 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு வயிற்றுப் பயிற்சி தனியாக எதற்கு என்று கேட்டாய். நியாயமான கேள்விதான் தம்பி. டீயைக் குடித்துக்கொண்டே கேள்.

ஓட்டம் என்பது ஒற்றைக்காலில் மாறி மாறி இறங்குவது. இரண்டு பாதமும் சேர்ந்து தரையில் இருக்கும் கணமே அதில் கிடையாது. ஒவ்வொரு ஊன்றலிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து மேலேறி வருகிறது. வலது கால் ஊன்றியிருக்கையில் இடது இடுப்புக்குக் கீழே பிடிமானம் இல்லை. அது தொங்கிவிடாமல் இழுத்துப் பிடிப்பது வலது பக்கவாட்டுப் புட்டத்தசை. நிமிடத்துக்கு 165 அடி வைத்து நான்கு மணி நேரத்தில் மாரத்தானை முடிப்பவருக்கு, இப்படி ஏறத்தாழ 40,000 ஊன்றல்கள்.

அந்தத் தசை இழுக்க, மேலே உடம்பு அசையாமல் இருக்க வேண்டும். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள எலும்பு, முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் மட்டும்தான். மற்றதெல்லாம் தசை: மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளம், சுற்றிலும் வயிற்றுச் சுவர், முதுகெலும்பை ஒட்டிச் சின்னச் சின்னத் தசைகள். இவை சேர்ந்து இறுகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, காற்றடித்த சைக்கிள் டியூப் மாதிரி நடு உடம்பு விறைத்துக்கொள்கிறது. கோர் என்பது இந்த மொத்தமும். சிக்ஸ் பேக் அதன் முன்பக்க அடுக்கு, அவ்வளவுதான்.

இதில் உதரவிதானத்துக்கு இரட்டை வேலை: மூச்சும் அதுதான், முதுகுக்கு முட்டும் அதுதான். மூச்சு வாங்கத் தொடங்கினால் உடம்பு மூச்சுக்கே முதலிடம் தரும், முதுகைத் தாங்கும் பங்கு குறையும். முதல் பத்து கிலோமீட்டரில் நிமிர்ந்து ஓடியவர் முப்பதில் கூன் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இடுப்பு சரிந்தால் முழங்கால் உள்பக்கம் சாயும். வலி வந்ததும் நாம் முழங்காலுக்குத்தான் தைலம் தேய்ப்போம்.

அழகாக ஓடுவதற்காகக் கோர் பயிற்சியைச் செய்யாதே. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற எமில் சாட்டோபெக், தலையை உருட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஓடினார். வேகம் கூடும் என்றும் நான் வாக்குத் தர மாட்டேன். குறைந்த சக்தியில் ஓட உதவுவதற்கு, கனமான எடைப் பயிற்சிக்கு இருக்கும் ஆய்வு ஆதாரம் பிளாங்குக்கு இல்லை. அதனால் ஸ்குவாட்டை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளாதே, இரண்டும் வேண்டும்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் மூன்று பயிற்சிகளைச் சொல்வார். இடுப்பு முதுகை வளைக்காமல் தலையையும் தோளையும் லேசாகத் தூக்கும் கர்ல்-அப்; பக்கவாட்டு பிளாங்க்; தவழும் நிலையில் ஒரு கையையும் எதிர்க் காலையும் நீட்டும் பேர்ட் டாக். ஒவ்வொரு பிடிப்பும் பத்து விநாடி போதும், விட்டுவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். ஐந்து நிமிட பிளாங்க் போட்டியெல்லாம் நமக்கு வேண்டாம். செய்யும்போது மூச்சை மட்டும் அடக்காதே. இறுக்கமும் மூச்சும் ஒன்றாக நடக்கப் பழகுவதுதான் உனக்குத் தேவை.

வாரம் இரண்டு மூன்று நாள், மெதுவோட்டம் முடிந்த பிறகு கால்மணி நேரம் செய்தால் போதும். நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் மட்டும் வேண்டாம், களைத்த இடுப்போடு கிளம்பக் கூடாது. இந்த ஞாயிறு கடைசிக் கிலோமீட்டரில் பின்னாலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல். உன் ஷார்ட்ஸின் இடுப்புப் பட்டையைப் பார். அடிக்கு அடி எந்தப் பக்கம் தாழ்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் கீழே இருக்கும்படி படுத்து முதல் பிளாங்கைத் தொடங்கு.