குளிர் போனால் ருசியும் போச்சு! வங்காளத்து 'நொலேன் குர்' பாயசம் நம்ம வீட்டு அடுப்பில்!

ஜனவரியில் கொல்கத்தாவுக்கு சுற்றுலா போகிறவர்கள், ஹவுரா பாலம், விக்டோரியா நினைவு மண்டபம் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு ரசகுல்லா வாங்க இனிப்புக் கடைக்குள் நுழைவார்கள். அங்கே வெள்ளை ரசகுல்லாவுக்குப் பக்கத்திலேயே இளம்பழுப்பு நிறத்தில் இன்னொரு ரசகுல்லா இருக்கும். அதே நிறத்தில் சந்தேஷ், மண் சட்டியில் இனிப்புத் தயிர். லேசான புகை வாசனையோடு ஒரு மணம் வரும். 'என்ன இது?' என்று கேட்டால் கடைக்காரரிடமிருந்து பதில் வரும்... 'நொலேன் குர்!'

ஈச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் புது வெல்லம்தான் இது. நவம்பர் மாதம் தொடங்கி பிப்ரவரி வரைதான் கிடைக்கும். அதனால்தான் வங்காளிகள் குளிர்காலத்தை இந்த வெல்லத்துக்காகவே எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள்.

சுண்ணாம்புக்கு பதில் குளிர்!

நம் ஊரில் பனை மரத்தின் பாளையைச் சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்குவார்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். வங்காளத்தில் ஈச்ச மரத்தின் உச்சிக்குக் கீழே தண்டையே ஒரு பக்கமாகச் சீவி, மூங்கில் குழாய் செருகி, மாலையில் மண்பானையைக் கட்டிவிடுவார்கள். இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாகச் சாறு இறங்கும். அது புளிக்காமல் பார்த்துக்கொள்வது இரவுக் குளிர்தான். வெயில் ஏறுவதற்குள் பானையை இறக்கி அடுப்பில் ஏற்றிவிட வேண்டும்.

இந்த வேலையைச் செய்பவர்களை மேற்கு வங்கத்தில் 'சியூலி' என்பார்கள். ஒரே மரத்தில் தினமும் சாறு எடுக்க மாட்டார்கள். சில நாள் எடுத்தால், சில நாள் மரத்துக்கு ஓய்வு. ஓய்வுக்குப் பிறகு இறங்கும் முதல் இரவுச் சாறுதான் தெளிவாகவும் இனிப்பாகவும் இருக்கும். அதில் காய்ச்சிய வெல்லத்துக்குத்தான் மவுசு அதிகம். இளகிய பதத்தில் எடுத்தால் 'ஜோலா குர்', கெட்டியாக அச்சில் வார்த்தால் 'பட்டாலி'.

குளிர் குறைந்தால் சாறு கலங்கும், புளிக்கும், வெல்லமும் சரியாக வராது. கூடவே, பனி கொட்டும் நேரத்தில் மரம் ஏற இளைய தலைமுறை முன்வருவதும் குறைந்து வருகிறது. நம் ஊர்ப் பனையேறிகளின் அதே கவலைதான்!

அமிதாப்பைக் கைவிட்ட வெல்லம்

சாறு கிடைத்தால் மட்டும் போதாது, காய்ச்சத் தெரிந்த கை வேண்டும். இதை வைத்து ஒரு இந்தி சினிமாவே வந்திருக்கிறது. 1973-ல் அமிதாப் பச்சன், நூதன் நடித்த 'சௌதாகர்' படத்தில் அமிதாப் ஈச்ச வெல்ல வியாபாரி. வெல்லம் காய்ச்சுவதில் கைதேர்ந்த மனைவியாக நூதன். அவர் உழைப்பில் சேர்த்த பணத்தில் இன்னொரு பெண்ணை மணப்பதற்காக அவரையே விவாகரத்து செய்கிறார் அமிதாப். புது மனைவிக்கு வெல்லம் காய்ச்ச வரவில்லை. வியாபாரம் படுத்துவிடுகிறது. கடைசியில் சாற்றுப் பானைகளைத் தூக்கிக்கொண்டு முதல் மனைவியின் வாசலுக்கே போய் நிற்கிறார். வங்க எழுத்தாளர் நரேந்திரநாத் மித்ராவின் சிறுகதையில் இருந்து உருவான படம் இது.

அங்கேயும் பொங்கல் நாள்!

நாம் பொங்கல் வைக்கும் அதே நேரத்தில் அங்கே 'பௌஷ் சங்கராந்தி'. அறுவடையான புது அரிசியும் புது வெல்லமும் சேர்ந்து வீட்டுக்கு வீடு பிட்டே, பாட்டிஷாப்டா, பாயேஷ் என்று மணக்கும். தெற்கு 24 பர்கானாஸ் மாவட்டத்து ஜெய்நகரில், நெல்பொரியையும் இந்த வெல்லத்தையும் சேர்த்து உருட்டும் 'மோயா' உருண்டை 2015-ல் புவிசார் குறியீடு பெற்றது. கொல்கத்தா சியால்டாவிலிருந்து லோக்கல் ரயிலிலேயே ஜெய்நகருக்குப் போய் வரலாம்.

கிராமத்துப் பக்கம் போனால் விடியற்காலையில் காய்ச்சாத சாற்றைக் குடிக்கத் தருவார்கள். ஆசையாக இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள். வௌவால் வாய்வைத்த சாறு மூலம் வங்கதேசத்தில் நிபா வைரஸ் பரவியிருக்கிறது. காய்ச்சிய வெல்லத்தில் அந்தப் பயம் இல்லை.

நொலேன் குர் பாயேஷ்

தேவையானவை: கொழுப்பு நீக்காத பால் - 1 லிட்டர், சீரகச் சம்பா அரிசி - 50 கிராம் (அங்கே கோபிந்தபோக் என்ற குட்டி அரிசியில் செய்வார்கள்), துருவிய பட்டாலி - 150 கிராம், நெய் - அரை டீஸ்பூன், பிரிஞ்சி இலை - 1, முந்திரி, திராட்சை - சிறிதளவு.

செய்முறை: அரிசியைக் கழுவி, தண்ணீரை வடித்து, நெய் பிசறி வைக்கவும். அடிகனமான பாத்திரத்தில் பாலுடன் பிரிஞ்சி இலை சேர்த்து, முக்கால் பங்காகும்வரை சிறுதீயில் காய்ச்சவும். அரிசியைப் போட்டு, அடிபிடிக்காமல் கிளறியபடி 25 முதல் 30 நிமிடங்கள் வேகவிடவும். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். வெல்லம் சேர்த்த பிறகு அரிசி வேகாது என்பதால் இதில் அவசரம் கூடாது. முந்திரி, திராட்சை சேர்த்து அடுப்பை அணைத்து, 10 நிமிடங்கள் ஆறவிடவும். வெல்லத்தைச் சிறிது வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஆறிய பிறகு பாலில் ஊற்றிக் கலக்கவும். கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டால் பால் திரிந்துவிடும். ஏலக்காய் வேண்டாம், வெல்லத்தின் மணத்தை அது அமுக்கிவிடும். செய்த அன்றைவிட, ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சாப்பிட்டால் ருசி கூடும்.

வாங்கும்போது கவனிங்க!

* சர்க்கரை கலந்த பட்டாலி கல் மாதிரி இருக்கும், உடைத்த இடம் மினுமினுக்கும். நல்ல பட்டாலி கையால் உடைத்தாலே உடையும், உள்ளே இளக்கமாக இருக்கும்.

* விமானத்தில் வருபவர்கள் பட்டாலியாக வாங்குவது நல்லது. ஜோலா குர் திரவம் என்பதால் கைப்பையில் அனுமதிக்காமல் போகலாம்.

* காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கவும். நாளாக ஆக மணம் குறையும் என்பதால் பத்திரப்படுத்தி வைக்காமல் சீக்கிரம் பயன்படுத்திவிடுங்கள்.

கொல்கத்தா போகும் யோகம் இல்லையா? கவலை வேண்டாம். அங்கே ஈச்ச மரத்துப் பானைகள் இறங்கும் சமயத்தில்தான் நம் தென்மாவட்டங்களில் பனைமரத்தில் கலயங்கள் ஏறும். 150 கிராம் பட்டாலிக்கு பதில் 120 கிராம் கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டிச் சேர்த்தால் போதும். வங்காளத்துப் பாயேஷ் நம்ம ஊர்ப் பாயசமாகிவிடும். பங்குனி பிறந்ததும், கலப்படமில்லாத உடன்குடிக் கருப்பட்டியாகப் பார்த்து வாங்கிச் செய்து பாருங்கள்!