அப்பாருவின் ஜீப் பிக்கப்புக்கு வேற எஞ்சின் போடலாமா?

எங்க தோட்டத்துக் கொட்டாயில பதினோரு வருஷமா ஒரு வண்டி நிக்குது. மகிந்திரா எஃப்சி-150. ஜீப்தான், ஆனா மூக்கு கிடையாது. டிரைவர் சீட்டு முன் சக்கரத்துக்கு மேல இருக்கும், எஞ்சின் ரெண்டு சீட்டுக்கும் நடுவுல ஒரு பெட்டிக்குள்ள இருக்கும், பின்னாடி பூரா சரக்குத் தொட்டி. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1956 கடைசியில் கொண்டுவந்த வண்டி இது. மகிந்திரா உரிமம் வாங்கி 60-களில் இங்கே செய்தது.

அப்பாரு இதில்தான் ஜேடர்பாளையத்திலிருந்து பிலிக்கல்பாளையம் ஏலத்துக்கு வெல்லச் சிப்பம் ஏத்திக்கிட்டுப் போவாரு. ராஜ வாய்க்கால் கரையில் மழைக்காலத்துச் சேத்துல மாட்டு வண்டியே திணறும்போது இது ஏறி வந்துரும்னு ஊருக்குள்ள இன்னும் பேச்சு உண்டு.

இப்ப எஞ்சின் சிக்கிக்கிடுச்சு. ஹேண்டில் போட்டாலும் சுத்தல. அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயசு. "ஒருக்கா அதுல பிலிக்கல்பாளையம் போய்ட்டு வந்துரணும் கண்ணு"ன்னு போன பொங்கலுக்குச் சொன்னாரு. பக்கத்து ஊர் மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துட்டு, "இந்தப் பெட்ரோல் எஞ்சினைக் கழட்டி எடைக்குப் போட்டுருங்க. பழைய மகிந்திரா டீசல் ஜீப் ஒண்ணு வாங்கி எஞ்சினை இதுல எறக்கிரலாம். இழுவை சும்மா பிச்சுக்கும்"னாரு.

எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. எதுக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்னு உட்கார்ந்தேன். மூணு மாசம் ஆயிருச்சு. அந்தக் குறிப்புகள்தான் இது.

கம்பெனிகளே செஞ்ச மாற்று வேலை

ஒரு வண்டியின் எஞ்சினை இன்னொண்ணுல வைக்கிறது பட்டறைக்காரங்க கண்டுபிடிச்ச குறுக்கு வழி இல்லைங்க. நம்ம நாட்டுல கார் கம்பெனிகளே இதை வேண்டிய மட்டும் செஞ்சிருக்காங்க.

மகிந்திரா ஜீப்பில் முதலில் இருந்தது அமெரிக்கப் பெட்ரோல் எஞ்சின். 1979-ல் பிரான்ஸின் பெஜோ கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு, அவங்க எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சினை ஜீப்புக்குள்ள கொண்டுவந்தாங்க. எம்எம் 540 ஜீப் ஓடியது அதில்தான். பிரெஞ்சு இதயம், அமெரிக்க எலும்பு.

கான்டெஸா கதை இன்னும் பாடமானது. இங்கிலாந்தின் வாக்ஸால் காரோட பெரிய உடம்பு. 1984-ல் வந்தப்ப அதுக்குள்ள இருந்தது அம்பாசடரோட 1489 சிசி எஞ்சின். பார்க்க யானை, நடையில் ஆமைன்னு பேர் வாங்குச்சு. பிறகு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினையும் அதோட ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்து வெச்சாங்க. அதே கார் வேற காராயிருச்சு. எஞ்சின் மட்டும் வரல, கியர் பெட்டியும் கூடவே வந்ததுங்கிறதைக் கவனிச்சுக்கோங்க.

சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-ல் விட்ட ஸ்டாண்டர்டு 2000 இதுக்கு நேர் எதிர். உடம்பு ரோவர் எஸ்டி1. இங்கிலாந்தில் 3.5 லிட்டர் வி8 எஞ்சினோட ஓடின கார். இங்கே அதுக்குள்ள வெச்சது பழைய வேன்கார்டு வழி வந்த ரெண்டு லிட்டர் எஞ்சின். சில வருஷத்துல கதை முடிஞ்சது.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா ஒண்ணு புரியும். எஞ்சின் நல்லதா கெட்டதாங்கிறது ரெண்டாவது கேள்வி. இந்த உடம்புக்கு இந்த எஞ்சின் பொருந்துதாங்கிறதுதான் முதல் கேள்வி.

இழுவை எங்கிருந்து வருது?

இங்கதான் எனக்குக் கண் திறந்துச்சு.

எங்க வண்டியில் இருக்கிறது ஹரிகேன் எஞ்சின். 2199 சிசி, நாலு சிலிண்டர். உள்ளிழுக்கும் வால்வு தலையில, புகைபோக்கும் வால்வு பிளாக்குலன்னு ஒரு விநோத அமைப்பு. ஏட்டுக் கணக்குல சுமார் 75 குதிரைத்திறன், 155 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. பெஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் 2112 சிசி. 62 குதிரைத்திறன், 121 நியூட்டன் மீட்டர்.

திரும்பப் படிச்சுப் பாருங்க. டீசலுக்குத்தான் முறுக்கு விசை கம்மி!

அந்தக் காலத்து அமெரிக்க அளவு கொஞ்சம் தாராளமானது. ஃபேன், சைலன்சர் மாதிரி பாரமெல்லாம் இல்லாம அளந்தது. அதைக் கழிச்சாலும் டீசல் "பிச்சுக்கும்"னு சொல்ல வழியில்லை. அப்புறம் ஏன் ஊரெல்லாம் டீசலுக்கு மாத்தினாங்க? செலவுதான் காரணம். அந்தக் காலத்துல டீசல் விலை பெட்ரோலைவிட ரொம்பக் கம்மி, ஒரு லிட்டருக்கு ஓடுற தூரமும் அதிகம். இழுவைக்காக யாரும் மாத்தல.

அப்ப சேத்துல ஏறின அந்த இழுவை எங்கிருந்து வந்துச்சு? பின் ஹவுசிங்குல இருக்கிற கிரௌன் - பினியன் பல் கணக்குலயிருந்து. இந்த ஜீப்புகளில் அது 5.38. அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட் 5.38 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. முதல் கியர் 2.8. ரெண்டையும் பெருக்குங்க:

155 × 2.8 × 5.38 = சுமார் 2,335 நியூட்டன் மீட்டர். சக்கரத்துக்குப் போய்ச் சேர்ற விசை இது. தேய்மானத்தைக் கணக்குல எடுக்கல.

அதே கியரும் ஹவுசிங்கும் இருக்க, பெஜோ எஞ்சினை மட்டும் மாத்தினா 121 × 2.8 × 5.38 = சுமார் 1,823. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல போச்சு.

பிறகு வந்த 2.5 லிட்டர் பெஜோ டீசல் சுமார் 150 நியூட்டன் மீட்டர் கொடுக்கும். அதைப் போட்டு, "ரோட்டுல வேகம் வேணும்"னு காரிலிருந்து 4-க்கு 1 கணக்குள்ள ஹவுசிங்கையும் மாத்தினா? 150 × 2.8 × 4 = 1,680. புது எஞ்சின், பெரிய எஞ்சின், ஆனா வாய்க்கால் கரையில் பழைய எஞ்சின் ஏறின இடத்துல இது திணறும்.

வேகத்துக்கும் இதே கணக்குதான். 7.00-16 டயர் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 2.35 மீட்டர் போகும். டாப் கியரில் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுத்து சுத்தினா, 5.38 ஹவுசிங்கோட மணிக்கு சுமார் 79 கிலோமீட்டர். 4 ஹவுசிங்கோட சுமார் 106. ஒண்ணைக் கொடுத்துத்தான் இன்னொண்ணை வாங்க முடியும். ரெண்டும் வேணும்னா முதல் கியர் ரொம்பத் தாழ்வாவும் கடைசி கியர் உயர்வாவும் இருக்கிற நாலைஞ்சு கியர் பெட்டியும் கூட வரணும். கான்டெஸாவுக்கு ஐந்து கியர் பெட்டி சேர்ந்தே வந்ததை இப்ப நினைச்சுப் பாருங்க.

எஞ்சின், கியர் பெட்டி, ஹவுசிங் மூணும் தனித்தனிப் பொருள் இல்லை. ஒரே பெருக்கல் கணக்கோட மூணு எண்கள். ஒண்ணை மட்டும் மாத்தினா விடை மாறிரும்.

எறக்குறதுல இருக்கிற வேலை

கணக்கு சரியா வந்துருச்சுன்னே வெச்சுக்குவோம். அடுத்தது இரும்பு வேலை. நாமக்கல் சுத்து வட்டாரத்துல இதுக்குக் குறையே இல்லைங்க. லாரி பாடி கட்டுறதுலயும் திருச்செங்கோடு ரிக் வண்டிகள்லயும் பழகின கைகள் இங்கே வீதிக்கு வீதி இருக்கு. ஆனாலும் தப்பு நடக்கிற இடங்கள் சிலது உண்டு.

*பெல் ஹவுசிங்.* வேற எஞ்சினை வேற கியர் பெட்டியோட சேர்க்க நடுவுல ஒரு பிளேட் வெட்டணும். போல்ட் ஓட்டை பொருந்தினா மட்டும் பத்தாது. கிராங்க் ஷாஃப்ட்டோட மையமும் கியர் பெட்டி உள்தண்டோட மையமும் ஒரே கோட்டுல இருக்கணும். ஒரு மில்லிமீட்டரில் பத்துல ஒரு பங்கு விலகினாலே அதிகம். டயல் கேஜ் வெச்சுப் பார்க்காம "கண்ணளவுல சரிதான்"னு போட்டா, சில மாசத்துல கிளட்ச் பிளேட்டும் பேரிங்கும் போயிரும். வண்டிக்காரர் எஞ்சினைத் திட்டுவாரு.

*மையம் தள்ளின ஹவுசிங்.* வில்லிஸ் வம்சத்து ஜீப்புல டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஷாஃப்ட் நடுவுல வராது, வலது பக்கமா தள்ளி வரும். அதனால பின் ஹவுசிங்குல கிரௌன் இருக்கிற குண்டும் வலப்பக்கம் தள்ளித்தான் இருக்கும். அம்பாசடர் மாதிரிக் கார்ல ஷாஃப்ட் நட்டநடுவுல போகும். கார் கியர் பெட்டியை இதுல வெச்சா ஷாஃப்ட் சாய்வா ஓடணும், இல்லாட்டி ஹவுசிங்கையும் மாத்தணும். அப்ப நாலு சக்கர இழுவையும் போச்சு.

*ஷாஃப்ட் கோணம்.* யூனிவர்சல் ஜாயின்ட் சாய்வா சுத்தும்போது ஒரே சீரா சுத்தாது. ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும். ரெண்டு முனையிலயும் கோணம் சமமா இருந்தா ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிரும். எஞ்சினை வசதிக்காகக் கொஞ்சம் பின்னாடி சாய்ச்சு வெச்சா அந்தச் சமன் போயிரும். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல வண்டி உதறுறதுக்கு இது முக்கியக் காரணம்.

*பிரேக்.* பெட்ரோல் எஞ்சின் மூச்சிழுக்கிற வேகுவத்தை வெச்சு பிரேக் பூஸ்டர் வேலை செய்யும். டீசல்ல அந்த இழுப்பு கிடையாது, தனியா வேகுவம் பம்ப் வேணும். டோனர் வண்டியிலிருந்து பூஸ்டரை எடுத்துட்டுப் பம்ப்பை விட்டுட்டா பிரேக் கல்லா இருக்கும்.

*சூடு.* எங்க வண்டியில எஞ்சின் கேபினுக்குள்ள. பெரிய டீசல் எஞ்சினை அந்தப் பெட்டிக்குள்ள அடைச்சா ரேடியேட்டரும் பெருசாகணும், காத்து போற வழியும் வேணும். இல்லாட்டி டிரைவர் தொடை வெந்துரும்.

அதனாலதான் அனுபவசாலிகள் எஞ்சினை மட்டும் வாங்காதே, முழு வண்டியா வாங்குங்கிறாங்க. மவுண்டிங், கிளட்ச் இணைப்பு, ஹோஸ், வயர்னு சின்னச் சின்னப் பொருளுக்குப் புதுப்பேட்டைக்கு நாலு நடை நடக்கிற செலவு மிச்சம். அமெரிக்காவில் சிலர் ஒரு படி மேல போய், செவ்ரலே எஸ்-10 மாதிரிப் பிற்கால பிக்கப்போட சேஸிஸை முழுசா எடுத்து அதுமேல பழைய பிக்கப் உடம்பைத் தூக்கி வெச்சிருறாங்க. கணக்கெல்லாம் கம்பெனி போட்டதாவே இருக்கும். ஆனா அப்ப பழைய வண்டியில் மிஞ்சுறது தகரம் மட்டும்தான்.

காகிதக் கணக்கு

மெக்கானிக் அண்ணன் சொல்லாத பாகம் இது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் குறிப்பிட்டதுக்கு ஆர்.சி. விவரம் மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாத்தக் கூடாது. வேற எரிபொருளுக்கு மாத்த நிபந்தனையோட வழி இருக்கு, ஆனா அது அனுமதி வாங்கிச் செய்ய வேண்டியது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை உறுதியாச் சொல்லிருச்சு. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஆறு மாசம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும்.

அபராதத்தை விடுங்க. ரோட்டுல ஒரு விபத்துன்னா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல பார்க்கிறது எஞ்சின் நம்பர். ஆர்.சி.யில் ஒண்ணும் பிளாக்குல ஒண்ணும் இருந்தா நாம என்ன பேச முடியும்?

பழைய ஜீப் வெச்சிருக்கிறவங்களுக்கு இன்னொரு சேதி. 50 வருஷம் தாண்டி அசல் நிலையிலேயே இருக்கிற சொந்த உபயோக வண்டிகளுக்கு 2021-ல் தனிப் பதிவு முறை வந்திருக்கு. எஞ்சினை மாத்தினா அந்தக் கதவும் மூடிரும். சரக்கு வண்டியா பதிவான எங்க பிக்கப்புக்கு அது பொருந்தாது, சொல்லி வைக்கிறேன்.

கடைசியில் என்ன முடிவு?

கணக்குத் தாளை எடுத்துக்கிட்டு அப்பாகிட்ட உட்கார்ந்தேன். 5.38-ன்னா என்னன்னு விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம், "அப்பாரு எப்பவும் எஞ்சினைப் பெருமையா பேச மாட்டாரு கண்ணு. கிரௌன் ஆயில் பார்த்தியா, கிரௌன் ஆயில் பார்த்தியான்னுதான் கேப்பாரு"ன்னாரு.

வேற எஞ்சின் வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு. ஹரிகேனைக் கழட்டி லேத்துக்கு அனுப்பியிருக்கோம். ரெண்டு சிலிண்டர்ல துரு ஆழமா ஏறியிருக்கு, ஸ்லீவ் போட்டு அசல் அளவுக்கே கொண்டுவந்துரலாம்னு சொல்றாங்க. டீசல் எறக்குறதைவிட மெதுவான வேலை, செலவும் கம்மின்னு சொல்ல முடியாது. ஆனா நம்பர் மாறாது, பெருக்கல் கணக்கு மாறாது.

நேத்து சாயங்காலம் கொட்டாய்க்குப் போய்ப் பின் ஹவுசிங் மூடியைத் திறந்து பார்த்தேன். ஆயில் கறுத்துத் தாரா இருந்துச்சு. துடைச்சா உள்ள பல்லெல்லாம் வெள்ளியா மின்னுது. ஒரு பல்லுகூட உடையல.