யார் எடுத்த படம்?

மாசி மகத்துக்கு முந்தின நாள், வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளிலும் ரைஸ் மில்களிலும் கழனிகளிலும் உழைக்கும் இருளர்கள் மூட்டை முடிச்சோடு மாமல்லபுரம் கிளம்புவார்கள். கடற்கரையில் புடவையையும் போர்வையையும் இழுத்துக் கட்டிக் கூடாரம் போடுவார்கள். பௌர்ணமி இரவு முழுக்க அங்கேயே சமையல், தூக்கம், உறவு விசாரிப்பு. விடியும் நேரத்தில் ஈர மணலில் ஏழு படி கட்டி, பூவும் பழமும் வைத்து, கோபித்துக்கொண்டு கடலுக்குள் போன தங்கள் தெய்வம் கன்னியம்மாவைத் திரும்பி வரும்படி கூப்பிடுவார்கள். பூசாரிமேல் சாமி இறங்கும். பரிசம், தாலி கட்டு, மொட்டை, காதுகுத்து எல்லாம் அந்த மணலில்தான். அன்றும் இப்படித்தான், இன்றும் இப்படித்தான். கூடாரங்களுக்கு மேலே ட்ரோன் சுற்றுவதும், சாமியாடுபவரைச் சுற்றிக் கேமராக்கள் வட்டம் கட்டுவதும் மட்டும் புதிது.

நூறு வருஷத்துக்கு முன்னால் கேமரா அளவுகோலோடு வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இருளரும் அதில் உண்டு. மூக்கின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, தலையின் அளவு என்ன என்று கணக்கெடுத்தார்கள். அத்தகைய படங்களின் கீழே இனத்தின் பெயர் இருக்கும். நின்றவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவரிடம் என்ன பேசினார்கள், அவர் என்ன பாடினார் என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை.

அதன்பிறகு வெகுகாலம் படமே இல்லாத வாழ்க்கை. பாம்புத் தோல் வியாபாரம் 1970-களில் சட்டத்தால் நின்றபோது, பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்களின் பிழைப்பும் நின்றது. 1978-இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது சிலருக்கு வழி காட்டியது. மற்றவர்களுக்கு முன்பணக் கடனும் சூளை வேலையும்தான். ஒரு போட்டோ, ஒரு முகவரி, ஒரு எஸ்.டி. சான்று இல்லாததால் ரேஷன் கார்டிலிருந்து பள்ளிக்கூடம்வரை எத்தனை கதவு சாத்தப்பட்டது என்பதை இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் அறிவார்கள்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் பகுதி மரம் வெட்டும் இடங்களிலிருந்து, கொத்தடிமைகளாக இருந்த 42 இருளர்கள் மீட்கப்பட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலடியில் ஒரு முதியவர் விழுந்து கும்பிடும் படம் செல்போன் செல்போனாகப் பரவியது. அந்தப் படம் ஊரின் மனசாட்சியை உலுக்கியது. நல்லதையே செய்தது என்று நம்புகிறேன். ஆனாலும் அந்த மனிதர் தன் வாழ்க்கையின் மிகத் தாழ்ந்த நிமிடத்தில் உலகத்துக்கு அறிமுகமானார். நிமிர்ந்து நின்ற அவருடைய படம் ஒன்றை நாம் பார்த்ததில்லை.

2021-இல் ‘ஜெய் பீம்’ திரைப்படம் வீட்டுக்கு வீடு வந்தபோது இருளர் என்ற பெயரைப் பலர் முதன்முதலாகக் கேட்டார்கள். அந்தக் கதைக்கு அடிப்படையான 1993 வழக்கில் உயிரிழந்தவர் குறவர். படத்தில் அவர் இருளரானார். இருளர் பட்ட கொடுமைகள் பொய்யல்ல. ஆனால் அவர்களை நேசித்து எடுத்த படத்திலும், யார் கதையை யார் பெயரில் சொல்வது என்ற முடிவு வேறு கைகளில்தான் இருந்தது.

எங்கள் சாலை நெடுக எத்தனை போன்கள் பிறந்தன! ஸ்ரீபெரும்புதூரில் 2006-லிருந்து 2014 வரை நோக்கியா. இப்போது வாலாஜாபாத்துக்கு வடக்கே சுங்குவார்சத்திரத்தில் ஐபோன். அந்தச் சாலையோர இருளர் குடியிருப்புகளிலும் இன்று ஒரு டச் போனாவது இருக்கிறது. பிள்ளைகள் ரீல்ஸ் எடுக்கிறார்கள். பாட்டு தானாகப் பயணம் போகும் காலம் இது. அட்டப்பாடியில் ஆடு மேய்த்த நஞ்சியம்மா, மலை இருளர்களின் மொழியில் ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்துக்காகப் பாடியது யூடியூபில் கோடிக்கணக்கில் கேட்கப்பட்டது. 2022-இல் அவருக்குத் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. அந்த மொழி புரியாதவர்களும் அவர் குரலைக் கேட்டு நின்றார்கள். எந்த அளவுகோலும் தொடாத இடம் அது.

தங்கள் படத்தையும் பாட்டையும் தாங்களே கையாளும் விஷயத்தில் ஆஸ்திரேலியப் பழங்குடிகள் நமக்கு முன்னே நடந்திருக்கிறார்கள். யூவெண்டுமு என்ற பாலைவனக் குடியிருப்பில் வார்ல்பிரி மக்கள் 1980-களிலேயே, செயற்கைக்கோள் தொலைக்காட்சி தங்களை மூழ்கடிப்பதற்குள், சொந்த மொழியில் வீடியோ எடுத்து ஒளிபரப்பினார்கள். டென்னன்ட் கிரீக்கில் வாருமுங்கு மக்கள், கிம் கிறிஸ்டன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து ‘முகூர்ட்டு’ என்ற டிஜிட்டல் காப்பகத்தை உருவாக்கினார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள், புனிதப் பொருள்களைப் போட்டு வைக்கும் பை. பையைத் திறக்கப் பெரியவரிடம் கேட்க வேண்டும். கணினியிலும் அப்படியே: பெண்கள் சடங்கைப் பெண்கள் பார்க்கலாம், ஒரு குடும்பத்தின் படத்தைக் குடும்பம் பார்க்கலாம். இறந்தவர் படம் திடீரென்று கண்ணில் பட்டு உறவுகளை நோகடிக்காதபடி மறைத்தும் வைக்கலாம். இன்டர்நெட்டில் போட்டால் எல்லாம் எல்லாருக்கும் என்ற எண்ணத்தை அவர்கள் ஏற்கவில்லை.

இருளருக்கும் அப்படி ஒரு பை வேண்டும். எலி வளையின் வாய் மண்ணைப் பார்த்தே உள்ளே நெல் இருக்கிறதா என்று சொல்லும் கண், பாம்பு போன தடம் படிக்கும் அறிவு, சாமி வந்து ஒரு குடும்பத்துக்கு மட்டும் சொன்ன குறி, இவற்றில் எதை உலகத்துக்குக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று அவர்களே சொல்ல வேண்டும். செங்கல்பட்டுக்கு அருகே தண்டரையில் இருளர் பெண்கள் சங்கம் பல ஆண்டுகளாக மூலிகை வளர்த்து மருந்து செய்கிறது. எந்த இலை எந்த நோய்க்கு என்பது அங்கே இன்னும் பாட்டிகளின் நாவில் இருக்கிறது, பேத்திகளின் கையில் போன் இருக்கிறது.