கையில் டெலிபோன், ஆனால் பேச்சு இல்லை!

இரவு எட்டு மணி. வெளியே இடி, மழை.

ஒரு கம்பெனியின் மூன்றாவது மாடி. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கணக்கு எழுதும் குமாஸ்தா ஒருவர் மட்டும் இருக்கிறார். வாசலில் வயதான காவல்காரர் உட்கார்ந்து இருக்கிறார்.

திடீர் என்று மின்சாரம் நின்றுவிடுகிறது. "தம்பி, நெஞ்சு வலிக்கிறதே!" என்று சொல்லிக்கொண்டே காவல்காரர் சாய்கிறார்.

குமாஸ்தாவின் செல்போனில் சார்ஜ் இல்லை. மேஜை மேல் இருக்கும் கம்பி இல்லாத டெலிபோனைப் பாய்ந்து எடுக்கிறார். அதில் வெளிச்சம் தெரிகிறது. எண்களை அழுத்துகிறார். சத்தமே இல்லை. மறுபடியும் அழுத்துகிறார். பயன் இல்லை.

டெலிபோன் பழுதாகவில்லை. அதன் பாட்டரியும் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் பேச முடியவில்லை?

இது கற்பனைதான். ஆனால், கம்பி இல்லாத டெலிபோன் இருக்கும் எந்த ஆபீசிலும், எந்த வீட்டிலும் இப்படி நடக்கலாம். காரணம் தெரிந்தால் தடுத்துவிடலாம்.

கம்பி எங்கே போயிற்று?

கம்பி இல்லாத டெலிபோனில் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, கையில் எடுத்துப் பேசும் ரிசீவர். மற்றொன்று, மேஜையிலோ சுவரிலோ இருக்கும் பெட்டி. இதைத் தாய்ப் பெட்டி என்று சொல்லலாம்.

ரிசீவரில்தான் கம்பி கிடையாது. தாய்ப் பெட்டியில் இரண்டு கம்பிகள் உண்டு. ஒன்று டெலிபோன் லயனுக்குப் போகிறது. மற்றொன்று மின்சாரத்துக்குப் போகிறது.

நாம் பேசுவது ரேடியோ அலையாக மாறித் தாய்ப் பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்துதான் வெளியே செல்கிறது. மின்சாரம் நின்றால் தாய்ப் பெட்டி தூங்கிவிடும். அப்போது ரிசீவரில் பாட்டரி இருந்தும் பயன் இல்லை. குமாஸ்தாவுக்கு நேர்ந்தது இதுதான்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்வைகர்ட் என்பவர் 1969-ம் ஆண்டு கம்பி இல்லாத டெலிபோனுக்குக் காப்புரிமை பெற்றார். இப்போது ஆபீசுகளில் அதிகமாக இருப்பது "டெக்ட்" என்ற முறையில் வேலை செய்யும் டெலிபோன். இந்த முறை 1990-களில் ஐரோப்பாவில் இருந்து பரவியது.

எவ்வளவு தூரம் போகலாம்?

திறந்த வெளியில் சுமார் 300 மீட்டர் தூரம் வரை பேசலாம். கட்டடத்துக்குள் சுமார் 50 மீட்டர்தான். கான்கிரீட் சுவர், இரும்பு பீரோ, லிப்டு ஆகியவை ரேடியோ அலையைத் தடுக்கும்.

ஆகவே, தாய்ப் பெட்டியை மூலையில் வைக்காதீர்கள். பீரோவுக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். ஆபீசின் நடுப்பகுதியில், சற்று உயரமான இடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டர் முதலியவற்றுக்கு அருகில் இல்லாமல் சுமார் மூன்று அடி தள்ளி இருப்பது நல்லது.

பேசிக்கொண்டே நடக்கும்போது குரல் விட்டு விட்டுக் கேட்கிறதா? நீங்கள் எல்லையைத் தாண்டுகிறீர்கள் என்று அர்த்தம். வந்த வழியே நாலு அடி திரும்புங்கள். குரல் தெளிந்துவிடும்.

பாட்டரியில் ஜாக்கிரதை!

பெரும்பாலான ரிசீவர்களில் விரல் அளவுள்ள இரண்டு சிறிய பாட்டரிகள் இருக்கும். இவை மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றக் கூடியவை. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்.

கடிகாரத்துக்கும், டெலிவிஷன் ரிமோட்டுக்கும் போடும் சாதாரண பாட்டரியும் இதே அளவில் கிடைக்கிறது. அது 1.5 வோல்ட். விலையும் குறைவு. "இதுவும் அதே அளவுதானே!" என்று சிலர் அதை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள்.

இது அபாயம். சாதாரண பாட்டரி சார்ஜ் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. ரிசீவரைத் தாய்ப் பெட்டியில் வைத்ததும் அதற்குள் மின்சாரம் ஏறும். பாட்டரி சூடாகும், கசியும், வெடிக்கவும் கூடும்.

சில ஆபீஸ் டெலிபோன்களில் லித்தியம் பாட்டரி இருக்கும். எந்தப் பாட்டரி என்று டெலிபோனுடன் வந்த குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து, அதே வகையைப் போடுங்கள். பாட்டரி உப்பிப் போயிருந்தால் உடனே உபயோகத்தை நிறுத்துங்கள்.

வேலை முடிந்ததும் ரிசீவரை அதன் இடத்தில் வையுங்கள். மேஜை டிராயரில் போட்டுவிட்டுப் போனால், சார்ஜ் குறைந்துகொண்டே போகும்.

ரிசீவரை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லையா? தாய்ப் பெட்டியில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ரிசீவர் மணி அடிக்கும். சத்தம் வரும் இடத்தில் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

காது பத்திரம்

ரிசீவரில் காது வைக்கும் இடத்துக்குப் பின்னால் காந்தம் இருக்கிறது. மேஜை மேல் கிடக்கும் குண்டூசி, ஸ்டேப்ளர் பின் ஆகியவற்றை அது இழுத்துக்கொள்ளும். கவனிக்காமல் காதில் வைத்தால் குத்திவிடும். ஆகவே, காதில் வைக்கும் முன் ஒரு தடவை பாருங்கள்.

எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தி இருக்கும்போது ரிசீவரைக் காதில் வைக்கக் கூடாது. மணி அடித்துக்கொண்டு இருக்கும்போதும் காதில் வைக்கக் கூடாது. முதலில் பொத்தானை அழுத்துங்கள். பிறகு காதுக்குக் கொண்டு போங்கள்.

இருதயத்துக்கு "பேஸ்மேக்கர்" வைத்திருப்பவர்கள் ரிசீவரைச் சட்டைப்பையில் போடக் கூடாது. அந்தக் கருவியில் இருந்து ஆறு அங்குலமாவது தள்ளி இருக்க வேண்டும். காதில் மெஷின் வைத்திருப்பவர்களுக்குச் சில சமயம் இரைச்சல் கேட்கலாம்.

"ரேடியோ அலையால் உடம்புக்குக் கெடுதல் உண்டா?" என்று பலர் கேட்கிறார்கள். சிறிய ஆபீஸ்களில் உள்ள ரிசீவர் பேசும்போது வெளியிடும் சராசரிச் சக்தி சுமார் 10 மில்லிவாட். இது செல்போன் வெளியிடக் கூடிய அதிக அளவைவிட மிகவும் குறைவு. அப்படியும் கவலை இருந்தால், நீண்ட பேச்சுக்கு ஒலிபெருக்கியைப் போட்டு, ரிசீவரை மேஜையில் வைத்துப் பேசலாம்.

சமையல் கியாஸ் கசியும் வாசனை வந்தால், அந்த அறையில் எந்த டெலிபோனையும் தொடாதீர்கள். வெளியே போய்ப் பேசுங்கள்.

ரகசியம் காப்பது எப்படி?

கம்பி இல்லாத டெலிபோனின் வசதியே நடந்துகொண்டு பேசலாம் என்பதுதான். சங்கடமும் அதுதான். கடனைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ பேசிக்கொண்டே வராந்தாவுக்கு வந்தால், வழியில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள். இப்படிப்பட்ட விஷயங்களை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள்.

பேச்சின் நடுவே பக்கத்தில் இருப்பவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமா? ரிசீவரைக் கையால் மூடினால் போதாது. எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்டுவிடும். "மியூட்" பொத்தானை அழுத்துங்கள். திரும்பப் பேசும்போது அதை எடுத்துவிட மறக்காதீர்கள்.

பல தாய்ப் பெட்டிகள் 0000 என்ற ரகசிய எண்ணுடன் கடைக்கு வருகின்றன. இது ஊருக்கே தெரிந்த ரகசியம்! வாங்கியதும் வேறு எண்ணாக மாற்றிவிடுங்கள்.

ஆபத்து நேரத்தில்...

இனி, முதலில் பார்த்த அந்த ஆபீசுக்கு வருவோம். அங்கே என்ன செய்து வைத்திருக்க வேண்டும்?

முதலாவது: தாய்ப் பெட்டியை யு.பி.எஸ். கருவியோடு இணைக்க வேண்டும். கண்ணாடி இழை வழியாக டெலிபோன் வருகிறது என்றால், அதற்கென்று சுவரில் மாட்டியிருக்கும் மோடத்தையும் யு.பி.எஸ்.சில் இணைக்க வேண்டும். ஒன்றை மட்டும் இணைத்தால் பயன் இல்லை.

இரண்டாவது: பழைய செம்புக் கம்பி லயன் இருந்தால், சாதாரண டெலிபோன் ஒன்றையும் வைத்திருங்கள். அதற்கு வேண்டிய மின்சாரம் டெலிபோன் நிலையத்தில் இருந்தே கம்பி வழியாக வருகிறது. ஊரில் மின்சாரம் இல்லாதபோதும் அது பேசும். ஆனால், மின்னல் வெட்டும் நேரத்தில் கம்பி உள்ள டெலிபோனில் வீண் பேச்சு வேண்டாம். மின்னலின் சக்தி கம்பி வழியாக வரக் கூடும். யு.பி.எஸ். உதவியால் வேலை செய்யும் கம்பி இல்லாத ரிசீவர் அப்போது பாதுகாப்பானது.

மூன்றாவது: சில ஆபீசுகளில் வெளியே பேச முதலில் 0 அல்லது 9 அழுத்த வேண்டும். தினமும் அழுத்துகிறவர்கூடப் பதற்றத்தில் இதை மறந்துவிடுவார். புதிதாக வந்தவருக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே, தாய்ப் பெட்டியின் அருகில் ஒரு காகிதம் ஒட்டுங்கள். அவசர உதவிக்கு 112. ஆம்புலன்சுக்கு 108. வெளியே பேச முதலில் எந்த எண் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கீழே ஆபீசின் முழு விலாசம், எந்த மாடி, பக்கத்தில் உள்ள அடையாளம் ஆகியவற்றை எழுதுங்கள். பதற்றத்தில் சொந்த விலாசமே மறந்து போகும்.

மாதம் ஒரு முறை, தாய்ப் பெட்டிக்கும் மோடத்துக்கும் யு.பி.எஸ்.சுக்கும் வரும் மின்சாரத்தைச் சுவரில் உள்ள சுவிட்சில் நிறுத்திவிட்டு, ரிசீவரில் இருந்து ஒரு செல்போனைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.

அப்படிச் செய்திருந்தால் அந்தக் குமாஸ்தா இருட்டில் பொத்தான்களோடு போராடி இருக்க மாட்டார். யு.பி.எஸ்.சின் சிறு விளக்கு எரிந்துகொண்டு இருக்கும். ரிசீவரை எடுப்பார். காகிதத்தைப் பார்ப்பார். 108-ஐக் கூப்பிட்டு, "மூன்றாவது மாடி, சீக்கிரம் வாருங்கள்" என்று சொல்லிவிட்டு, காவல்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தைரியம் சொல்வார்.