ஜப்பான் மீன் திலாப்பியா ஆன கதை

பதுளைச் சந்தையில் இன்று திலாப்பியா என்று விற்கும் மீனை, இலங்கையின் பல ஊர்களில் பெரியவர்கள் ஜப்பான் மீன் என்றே சொல்லி வந்தார்கள். அதன் சொந்த ஊர் ஜப்பான் அல்ல. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து ஆறுகள். 1939-இல் அது ஜாவாத் தீவில் தலைகாட்டியது. கண்டுபிடித்த முஜாயிர் என்பவரின் பெயரையே இந்தோனேசியர் அதற்கு வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானியர் அதை மலாயாவில் பரப்ப, அங்கே அது ஜப்பான் மீன் ஆயிற்று. 1952-இல் இலங்கைக்கு வந்தபோது அந்தப் பெயரும் கூடவே வந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது. தமிழ்நாட்டில் அதே மீன் ஜிலேபிக் கெண்டை. திலாப்பியா என்ற ஒலி சனங்களின் வாயில் புரண்டு, தெரிந்த பலகாரத்தின் பெயராகிவிட்டது.

திலாப்பியா என்று 1840-இல் பெயரிட்டவர் விலங்கியலாளர் அன்ட்ரூ ஸ்மித். மீனைக் குறிக்கும் த்சுவானா மொழிச் சொல்லிலிருந்து அது வந்தது என்பார்கள். பின்னாளில் அறிவியலாளர் இம்மீனை ஒரியோக்ரோமிஸ் என்ற பேரினத்தில் சேர்த்தனர். 'ஓரோஸ்' என்றால் கிரேக்கத்தில் மலை. கிளிமஞ்சாரோ அடிவாரத்துச் சாலா ஏரியில் கிடைத்த மீனுக்காக 1889-இல் விலங்கியலாளர் குந்தர் உண்டாக்கிய பெயர் அது. பெயரில் மலை இருந்தும் குளிர் இதற்கு ஆகாது. ஊவா மாகாணத்தில் இது செழிப்பது மகியங்கனைப் பக்கத்துச் சூடான தாழ்நிலத்தில், சொரபொர வாவி, உல்ஹிட்டிய போன்ற நீர்நிலைகளில்தான்.

இந்தக் குளத்து மீன் மலைக்கு வராத அந்நாளில் பசறை, நமுனுகுல, தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில் மீன் என்றால் பெரும்பாலும் கருவாடு. கடல் தூரம், பச்சை மீன் மலையேறுவதற்குள் கெட்டுவிடும். ஆசைப்பட்டவர்கள் ஓடையில் தூண்டில் போட்டார்கள், கல்லிடுக்கில் கையால் துழாவினார்கள். பிடித்த மீனை இன்னதென்று சொல்ல அவர்களிடம் பெயர் இருந்தது.

இன்று ஐஸ் போட்ட பெட்டியில் குளத்து மீன் லயத்து வாசலுக்கே வருகிறது. 1990 முதல் 1994 வரை அரசு நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்த ஆதரவை நிறுத்தியிருந்தது; அந்தக் காலத்தையும் தாண்டி இந்த மீன் நிலைத்தது. உழைக்கும் குடும்பத்தின் தட்டுக்கு மலிவான புரதம் வந்ததை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் வாங்கும் மீனுக்கு வியாபாரி சொல்லும் பெயரே போதுமாகிவிட்டது. பதுளு ஓயாவிலும் அதன் கிளை ஓடைகளிலும் பிடித்த சின்ன மீன்களின் பெயர்கள் பேச்சிலிருந்து நழுவுகின்றன. வெளியூர் மீன் ஒன்றின் பெயரே இத்தனை தேசங்களின் வரலாற்றைச் சொல்கிறது. நம் ஓடை மீன்களின் பெயர்களை இழக்கலாமா? வீட்டில் தாத்தா, அம்மாயி இருந்தால், அவர்கள் சொல்லும் மீன் பெயர்களையும், எந்த ஓடையில் அவை கிடைத்தன என்பதையும் இந்த வாரமே கேட்டு எழுதிவையுங்கள்.